பாதி கட்டிய விமானத்தை வாங்கிக் கட்டி முடித்தவர் எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. பாதியில் நின்றுபோன இரண்டு இருக்கை கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே கட்டுவது) ஒன்றை ஒரு பெரியவரிடம் வாங்கி, என் கராஜிலேயே முடித்திருக்கிறேன். வாலும் இறக்கைகளும் அவர் செய்தவை. பெயின்ட், ஜி.பி.எஸ். வகையறா எல்லாம் வெளியில் காசு கொடுத்துச் செய்தது. பறக்கும் தகுதிச் சான்றிதழுக்கான ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். “எல்லாம் நானே செய்தேன் என்று எழுதிவிடு, வம்பே இல்லை” என்கிறார் நண்பர். எழுதலாமா? வருடாந்தர நிலை ஆய்வை நானே செய்ய உதவும் ரெப்பேர்மேன் சான்றிதழ் எனக்குக் கிடைக்குமா?

பதில்: எழுதாதீர்கள். அப்படி எழுதினால்தான் வம்பு.

51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதிகளில் 21.191-ஆம் பிரிவில் இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியை, சொந்தப் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இறங்கியவர்கள்’ என்று பன்மையில்தான் இருக்கிறது. ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. பெரியவரும் ஆசைக்காகக் கட்டினார் என்றால், அவர் அடித்த ரிவெட்டும் உங்கள் பக்கக் கணக்கில்தான் சேரும். பெயின்ட், இருக்கை உறை, குறைந்தபட்சத் தேவைக்கு மேற்பட்ட மின்னணுக் கருவிகள் ஆகியவை அந்தக் கணக்கிலேயே வராது. எஞ்சினையும் டயரையும் நீங்களே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்புறம் எதை மறைக்க வேண்டும்?

விண்ணப்பத்தோடு தரும் 8130-12 படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டுத் தருவது உறுதிமொழி. கூலிக்கு யாரையாவது வைத்து வேலை வாங்கினீர்களா என்று அதில் கேட்பார்கள். ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுதி, எந்த வேலை என்று சொல்லுங்கள். தெரிந்தே பொய் சொன்னால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. விமானத்தின் சான்றிதழும் பறிபோகும்.

உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது பெரியவரின் காகிதங்கள்தான். இறக்கையை யார் செய்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? முடிந்த இறக்கையின் படம் எதையும் நிரூபிக்காது. ரிப்பை (இறக்கையின் உள்சட்டம்) கையில் பிடித்தபடியோ, ரிவெட் அடித்துக்கொண்டோ அவர் நிற்கும் தேதியிட்ட படங்கள், வேலைக் குறிப்பேடு, உதிரிபாக ரசீதுகள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். எந்தெந்தப் பாகத்தைத் தானே செய்தார், எதற்காவது கூலி கொடுத்தாரா என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், வயதானவர். கூலிக்கு ஆள் வைத்து இறக்கை செய்திருந்தால் அந்தப் பகுதி கழிந்துபோகும். அது விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

ரெப்பேர்மேன் சான்றிதழ் ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான், முதன்மையாகக் கட்டியவருக்கு. உங்களுக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் உரிமை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தொடாத இறக்கையின் உட்புறத்தைப் பார்த்து அது பறக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று சொல்லத் தெரியும் என எஃப்.ஏ.ஏ.வை நம்பவைக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் தலை போகாது. பராமரிப்பு வேலைகளை நீங்களே செய்யலாம். 12 மாதத்துக்கு ஒருமுறை செய்யும் நிலை ஆய்வுக்கு மட்டும் ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் சான்று பெற்ற) மெக்கானிக் ஒருவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதிவு முதலில் முடிய வேண்டும். கிரீன் கார்டு இருப்பதால் உங்கள் பெயரிலேயே பதியலாம். (ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் கவனிக்க: உங்கள் சொந்தப் பெயரில் முடியாது.) பதிவுச் சான்று, விண்ணப்பம், தீயில் அழியாத உலோகப் பெயர்த்தகடு மூன்றிலும் மாடல் பெயரும் வரிசை எண்ணும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற எழுத்துகள் 2 அங்குலத்துக்குக் குறையாமலும் 6 அங்குலத்துக்கு மிகாமலும், உள்ளே ஏறும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

ஆய்வன்று கௌலிங்கையும் (எஞ்சின் உறை) மூடிகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டருக்குக் கட்டணம் இல்லை. டி.ஏ.ஆர். எனப்படும் தனியார் பிரதிநிதி காசு வாங்குவார். தொகையை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். சான்றிதழோடு இயக்க வரம்புகள் என்று சில தாள்கள் வரும், அவை எப்போதும் விமானத்தில் இருக்க வேண்டும். சோதனைப் பறப்புக்கு வழக்கமாக 40 மணி நேரம் விதிப்பார்கள். எஞ்சினும் புரொப்பல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் 25. அது முடியும்வரை சும்மா சுற்றிப் பார்க்க யாரையும் ஏற்றாதீர்கள். அதற்குப் பிறகும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது.