மைக்கை மடக்கிக்கொண்டு போன பிறகு

கேள்வி: 2025 ஜூன் 4-ஆம் தேதி நம் பெங்களூரு சின்னசாமி கிரிக்கெட் ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்களே, அன்று ராத்திரி டிவியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டியதைப் பார்த்தேன். விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் மனிதக் கதையைப் புலனாய்வு செய்து காட்டுவது என்றால் இதுதானா?
(வாசகி, சிவாஜிநகர்)

இல்லைம்மா. அழுகிறவரைப் படம்பிடிக்கப் புலனாய்வு எதற்கு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் போதும். புலனாய்வு அதற்கு மறுநாள் தொடங்கி மாசக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. முந்தின ராத்திரி அகமதாபாதில் பெங்களூரு அணியான ஆர்சிபி ஐபிஎல் கோப்பையை வாங்கிய கையோடு மறுநாளே விழா என்று முடிவெடுத்தது யார், சுமார் 35,000 பேர் உட்காரும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஆள் திரண்டபோது எந்த கேட்டை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், அனுமதி கேட்ட கடிதம் எங்கே, அதற்குப் பதில் என்ன என்று ஒவ்வொரு காகிதமாகத் தேடிப் போக வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி மைக்கேல் டி குன்ஹா தலைமையில் அரசு கமிஷன் அமைத்தது (2014-ல் ஜெயலலிதா வழக்கில் தீர்ப்பு சொன்னவர், நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் மறக்காது). கமிஷன் அதன் வேலையைச் செய்து 2025 ஜூலையில் அறிக்கை கொடுத்தது, நிருபரும் அவர் வேலையைச் செய்ய வேண்டும். அன்று மத்தியானம் அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள் என்பதும் அந்த கேட்டின் கதையும் ஒரே கதை. முதலாவதை மட்டும் காட்டினால் நமக்குக் கண்ணீர் வரும், பொறுப்பானவர் யார் என்பது தெரியாமலே போகும்.

கேள்வி: வெளிநாட்டில் டிவி நிகழ்ச்சியால் விளையாட்டு விதியே மாறியிருக்கிறது என்கிறார்களே, நிஜமா?
(வாசகர், அல்சூர்)

நிஜம்தான். அமெரிக்காவில் எச்பிஓ சேனலில் 1995 முதல் 2023 வரை பிரையன்ட் கம்பெல் நடத்திய 'ரியல் ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி. 2004-ல் ஐக்கிய அரபு அமீரகத்து ஒட்டகப் பந்தயத்தை எடுத்துக்கொண்டார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், சூடான் பக்கத்து ஏழை வீடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பொடிப்பயல்கள்தான் அப்போது ஒட்டகம் ஓட்டினார்கள், எடை ஏறினால் வேகம் குறையும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு கூடப் போட மாட்டார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த மனித உரிமை வழக்கறிஞர் அன்சார் பர்னி வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்ததை ரகசியக் கேமரா உலகத்துக்குக் காட்டியது. 2005-ல் 18 வயது ஆகாதவர்கள் ஒட்டகத்தில் ஏறக் கூடாது என்று அமீரகம் தடை போட்டது, யூனிசெஃப் உதவியோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். இப்போது ஒட்டகத்தின் முதுகில் சாட்டையோடு ஒரு சின்ன ரோபோ உட்கார்ந்திருக்கிறது, சொந்தக்காரர் பக்கத்தில் காரில் வந்துகொண்டே ரிமோட்டை அமுக்குகிறார். பல அமைப்புகள் சேர்ந்து நெருக்கியதால் வந்த மாற்றம் இது, ஆனால் நேரில் பார்த்தது போல ஆக்கியது அந்தப் படம்.

இன்னொன்று ரஷ்யா. 2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஏஆர்டி சேனலில் ஹயோ செப்பெல்ட் காட்டிய ஊக்கமருந்து விவகாரம் முழுக்க ஒரு புருஷன் பெண்டாட்டியை நம்பி நின்றது. யூலியா ஸ்டெபனோவா 800 மீட்டர் ஓடுகிறவர், கணவர் விட்டாலி ரஷ்யாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பில் வேலை பார்த்தவர். தன் கூட இருந்தவர்கள் பேசுவதை யூலியாவே ரகசியமாகப் பதிவு செய்தார். அடுத்த நவம்பரில் ரஷ்யத் தடகளச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தார்கள். சரி, அந்தக் குடும்பம் என்ன ஆனது? நாட்டை விட்டே போனார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓட விடுங்கள் என்று யூலியா கேட்டதற்கு, ஏற்கெனவே ஊக்கமருந்துத் தடை வாங்கியவர் என்று காரணம் காட்டி ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. இந்த மாதிரி எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வாயைத் திறந்தவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்?

கேள்வி: நம் சேனல்களில் ஏன் இப்படி வருவதில்லை?
(வாசகர், மர்ஃபி டவுன்)

காசும் நேரமும் முதல் காரணம். அதை விடப் பெரிய காரணம், பல கோடி கொடுத்து ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய சேனல் அந்த ஆட்டத்தை நடத்தும் வாரியத்தைத் தோண்டிப் பார்க்காது. எச்பிஓவோ விளம்பரம் இல்லாமல் சந்தாப் பணத்தில் ஓடியது.

கேள்வி: நான் புதுக்கோட்டைக்காரி. எங்கள் ஊர் சாந்திக்கு டிவி நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?
(வாசகி, கே.ஆர்.புரம்)

இரண்டும் நடந்தது. கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்திரராஜன் 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய அந்தரங்கம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாக ஓடியது. டாக்டருக்கும் அவருக்கும் மட்டும் தெரிய வேண்டியதை வெளியே விட்டது யார் என்று அன்றைக்குக் குடைந்திருந்தால் அது புலனாய்வு, நாம் பார்த்ததோ அவமானம். 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் செய்தி வந்த பிறகுதான் ஆட்சியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிற்பாடு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். நடுவில் போன வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கேள்வி: எங்கள் கௌதமபுரத்தில் பீலே சிலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் நன்றாக ஃபுட்பால் ஆடியவர், தனக்கு நடந்ததைச் சொல்ல ஆசைப்படுகிறார். டிவிக்காரர்களைக் கூட்டி வரலாமா அண்ணா?
(வாசகர், கௌதமபுரம்)

கூட்டி வா தம்பி, ஆனால் முதலில் அவர் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டுக்கொள். சில வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் ஆஸ்டின் டவுனில் முட்டி உடைந்த ஒரு ஆட்டக்காரர் வீட்டுக்கு ஒரு சேனல் ஆட்களை நான்தான் அழைத்துப் போனேன். நொண்டுவது சரியாகத் தெரியவில்லை என்று அவரை மூன்று தடவை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார்கள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், இப்போதும் உறுத்துகிறது. அவர் அம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய டீம் போட்டோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்று வாங்கிப் போனார்கள். நிகழ்ச்சி நாலு நிமிஷம் வந்தது, போட்டோ வரவே இல்லை, போன் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது.

அதனால் சர்டிபிகேட், போட்டோ, சங்கத்துக் கடிதம் எதுவானாலும் செல்போனில் படம் எடுத்துக் கொடுங்கள், அசலைக் கையை விட்டு விடாதீர்கள். சங்கம் அரசுப் பணம் வாங்கியிருந்தால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விளையாட்டுத் துறைக்கு ஒரு மனு போட்டு வை, 30 நாளில் பதில் தர வேண்டும். பேட்டி நாளன்று அந்தப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார். ஏறி இறங்கச் சொன்னால் நீ வேண்டாம் என்று சொல்.