உறக்கப்பை: குளிர் மலைக்குப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குளிர்காலத்தில் இமயமலைக்குச் செல்லும் சிறு குழுக்களோடு பல ஆண்டுகளாகப் போய் வருகிறவன் என்பதால், ‘ஸ்லீப்பிங் பேக்’ எனப்படும் உறக்கப்பையைப் பற்றி இந்த இரண்டு வாரங்களில் வந்த கேள்விகளுக்கு விடை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கூடாரத்தையும் காலணியையும் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன்.

சென்னை: ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குச் செல்கிறோம். இரவில் மைனஸ் 10 வரை போகலாம் என்கிறார்கள். நான் பார்த்துவைத்த பையின் உறையில் ‘மைனஸ் 10’ என்றே அச்சிட்டிருக்கிறது; விலையும் 2,200 ரூபாய்தான். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: சரியாக இல்லை. உறையின் மீதிருக்கும் பெரிய எண்ணை மறந்துவிட்டு, பையின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறிய துணிப்பட்டையைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பாவில் 2002-இல் வந்த ஈஎன் 13537 என்ற தரநிலையும், பிற்பாடு அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 23537-உம், சூடேற்றிய ஆளுயரப் பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து, அது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அளந்து எண்களைத் தருகின்றன. ‘கம்ஃபர்ட்’ என்பது 25 வயதும் 60 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெண் கைகால்களைத் தளர்த்திப் படுத்து, குளிராமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது அதே வயதில் 70 கிலோ எடையும் 173 செ.மீ. உயரமும் உள்ள ஓர் ஆண், உடலைச் சுருட்டிக்கொண்டு இரவைத் தள்ளக்கூடிய எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உறங்குவதற்கான எண்ணே அன்று. அந்தக் குளிரில் அந்தப் பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

மலிவான பைகளின் உறையில் பெரிதாகக் கிடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணே. சிலவற்றில் எந்தச் சோதனையும் இல்லாமல் அச்சகத்தில் பிறந்த எண்ணும் இருக்கும். என் முதல் பனிக்காலப் பயணத்தில் நானும் இப்படித்தான் ஒரு ‘மைனஸ் 10’ பையை நம்பிப் போய், சாங்க்ரி கிராமத்துக்கு மேலே இருந்த முகாமில் இரவு முழுவதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகும் இடத்தின் மிகக் குளிர்ந்த இரவை முதலில் தெரிந்துகொண்டு, ‘கம்ஃபர்ட்’ எண் அதற்குச் சமமாகவோ கீழாகவோ உள்ள பையை வாங்குங்கள். ஊரின் வெப்பநிலை மட்டும் தெரிந்தால், ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மதுரை: வாத்து இறகு அடைத்த பை நல்லதா, செயற்கைப் பஞ்சு அடைத்த பை நல்லதா? என் முதுகுப்பை 50 லிட்டர்தான். மடித்தால் சிறிதாக வேண்டும்.

பதில்: முதலில் ஒரு திருத்தம். நல்ல பைகளில் அடைப்பது காம்புள்ள இறகை அன்று. அதன் அடியில் வாத்தின் மார்பில் இருக்கும் தூவியை. அன்னத்தின் தூவி என்று நம் பழைய பாட்டுகள் மென்மைக்கு உவமை சொன்னது இதைத்தான். தூவியின் ஒவ்வொரு பூவும் எல்லாப் பக்கமும் நூல்போல் விரிந்து காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பை தானாக ஒரு துளி வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை.

தூவியின் தரத்தை ‘ஃபில் பவர்’ என்ற எண்ணால் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் தூவி, உப்பி நிற்கும்போது எத்தனை கன அங்குல இடத்தை அடைக்கிறது என்பதே அந்த எண். 600 என்றால் ஒரு கிராம் சுமார் 350 கன செ.மீ. இடத்தை அடைக்கும், 800 என்றால் சுமார் 460. ஆகவே அதே கதகதப்புக்கு 800 தரத்தில் குறைந்த எடை போதும், மடித்தாலும் சிறிதாகும். ஆனால் ‘800’ என்று மட்டும் சொல்லி எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லாத விளம்பரம் பாதி உண்மையே. 200 கிராம் அடைத்த 800 தரப் பையைவிட 500 கிராம் அடைத்த 600 தரப் பை கதகதப்பானது.

செயற்கைப் பஞ்சின் பெருமை, நனைந்தாலும் ஓரளவு உப்பலைக் காப்பாற்றிக்கொள்வதும், சீக்கிரம் உலர்வதும், விலை குறைவாக இருப்பதும். தூவி நனைந்தால் அடைமழையில் நனைந்த கோழி மாதிரி ஒட்டிப்போகும். எனவே சஹ்யாத்ரியின், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின், ஜூலை மழைக்குச் செயற்கைப் பஞ்சைச் சொல்வேன். இமயத்தின் உலர்ந்த குளிருக்குத் தூவியைச் சொல்வேன். சுழியம் டிகிரி ‘கம்ஃபர்ட்’ உள்ள தூவிப் பை ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் ஒரு குடத்துக்கும் குறைவான இடத்தில் அடங்கும். அதே எண்ணுள்ள செயற்கைப் பை எடையிலும் இடத்திலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். 50 லிட்டர் முதுகுப்பை என்று நீங்கள் சொன்னதால், பணம் இடம் கொடுத்தால் தூவியே. அதை நீர்புகாத பையில் இட்டுக் கட்டாமல் முதுகுப்பைக்குள் வைக்காதீர்கள்.

கும்பகோணம்: நாங்கள் சைவம். உயிரோடு இருக்கும் வாத்திலிருந்து பிடுங்குகிறார்களாமே?

பதில்: அப்படியும் நடந்திருக்கிறது. ‘ஆர்டிஎஸ்’ (ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்) எனப்படும் தூவித் தரநிலையின் முத்திரை உள்ள பைகளில் உயிரோடு பிடுங்குவதும் வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதும் தடைசெய்யப்பட்டவை. ஆனால் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட வாத்தின் தூவிதான் அது. அதுவும் மனத்துக்கு ஒவ்வாதென்றால் செயற்கைப் பஞ்சு வாங்குங்கள்.

கோயம்புத்தூர்: கொடைக்கானலில் டிசம்பரில் கூடாரத்தில் தங்கினோம். ஐந்து டிகிரி ‘கம்ஃபர்ட்’ உள்ள நல்ல பைதான். மேலெல்லாம் கதகதப்பாக இருந்தும் முதுகு விறைத்துவிட்டது. பை மோசமா?

பதில்: பையின் மீது தவறில்லை. உங்கள் எடை விழும் இடத்தில் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணியாகிவிடுகிறது. கீழேயிருந்து வரும் குளிரைத் தடுக்க வேண்டியது விரிப்பு. பொம்மைச் சோதனையிலும் பொம்மை விரிப்பின் மீதுதான் படுத்திருக்கும். ஆகவே விரிப்பில்லாதவருக்குப் பட்டையிலிருக்கும் எண் பொருந்தாது.

விரிப்பின் தடுப்பாற்றலை ‘ஆர் மதிப்பு’ என்பார்கள். 2018 முதல் அதை அளக்க ஓர் அமெரிக்கத் தரநிலை இருக்கிறது. மூடிய அறைகளுள்ள ஃபோம் பாய்க்கு அது 2 அளவில் இருக்கும். பனியின் மீது படுக்க 4 அல்லது 5 வேண்டும். இதில் வசதி என்னவென்றால், இரண்டு விரிப்புகளை அடுக்கினால் மதிப்புகள் அப்படியே கூடும். கோரைப்பாயும் ஜமுக்காளமும் வீட்டுத் தரைக்கு அருமையானவை; மலைத்தரைக்குப் போதா. உள்ளே பஞ்சில்லாத வெறும் காற்று மெத்தை அதைவிட ஏமாற்றும், ஏனெனில் அதற்குள் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். கையில் நாலாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால், பையை மாற்றுவதற்கு முன் விரிப்பை மாற்றுங்கள்.

திருச்சி: ‘மைனஸ் 10’ என்று போட்ட பை சிம்லாவுக்குப் போதுமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். சிம்லாவில் விடுதியில் தங்குவீர்களாயின் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை தருவார்கள்.

ஈரோடு (ஒரு வாசகி): நானும் என் கணவரும் ஒரே வகைப் பை வாங்கினோம். அவர் குறட்டை விடுகிறார், நான் நடுங்குகிறேன். எனக்குத்தான் தெம்பு இல்லையா?

பதில்: தெம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, அம்மா. ஒரே பைக்குப் பெண்ணுக்கு ஓர் எண்ணும் ஆணுக்கு ஓர் எண்ணும் தரநிலையே தருகிறது. இரண்டுக்கும் இடையே ஐந்தாறு டிகிரி இருக்கும். அவர் ‘லிமிட்’ எண்ணைப் பார்த்து இரண்டு பைகளையும் வாங்கியிருப்பார். உங்களுக்குக் ‘கம்ஃபர்ட்’ எண்ணைப் பாருங்கள். பையின் நீளமும் உங்கள் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். கால்மாட்டில் காலியாகக் கிடக்கும் இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

சேலம்: ஏற்காட்டில் கூடாரத்துக்குள் சிறிய கரி அடுப்பு வைத்துக்கொண்டால் விலை உயர்ந்த பை தேவைப்படாதல்லவா?

பதில்: வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ், பார்பிக்யூ எதுவும் கூடாது. ஏற்காட்டுக்குப் பத்து டிகிரி ‘கம்ஃபர்ட்’ பையும் ஒரு ஃபோம் பாயும் போதும்.

ஓசூர்: உறக்கப்பைக்குள் உடையைக் களைந்துவிட்டுப் படுத்தால்தான் சூடு அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. உலர்ந்த, தளர்வான உடை எத்தனை அடுக்கு இருந்தாலும் கதகதப்பைக் கூட்டும். சோதனைப் பொம்மைக்கே முழுக்கை உள்ளாடையும் காலுறையும் மாட்டித்தான் அளக்கிறார்கள். வியர்வையில் நனைந்த உடையைக் களைவது மட்டும் சரி.

வேலூர் (முன்னாள் ராணுவ வீரர்): மேற்படி பதிலை ஏற்க இயலவில்லை. வடக்கு எல்லையில் பணியாற்றியபோது உடைகளைக் களைந்துவிட்டே பைக்குள் செல்வோம். காலையில் உடைகளும் கதகதப்பாக இருக்கும். அனுபவம் பெரிதா, பொம்மை பெரிதா?

பதில்: அனுபவம் பெரிதுதான், ஐயா. ஆனால் பகல் முழுவதும் ஏறி இறங்கி வியர்வையில் ஊறிய உடைகளைத்தான் நீங்கள் களைந்திருப்பீர்கள். ஈரத் துணி உலரும்போது உடல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக் களைந்ததில் கிடைத்த சுகத்தை, உடையே இல்லாததால் கிடைத்த சுகம் என்று எண்ணிக்கொண்டீர்கள் என்பது என் கருத்து. உலர்ந்த உடுப்பொன்றைத் தனியாக எடுத்துவைத்து இரவுக்கு மட்டும் அணியச் சொல்வது இதற்காகத்தான்.

நாகர்கோவில் (ஆசிரியர்): இதில் நானும் நுழைய அனுமதியுங்கள். உடை உடலின் வெப்பத்தைத் தடுத்துவிட்டால், அந்த வெப்பம் எப்படிப் பையைச் சென்று சூடாக்கும்? வீரர் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது.

பதில்: இந்த விவாதத்துக்காக மற்ற ஏழு கேள்விகளை ஒத்திவைத்திருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். பை சூடாக வேண்டும் என்பது நம் நோக்கமே அன்று. உடல் குளிராதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து அதன் மேல் சாக்கைச் சுற்றும் வியாபாரி, தூளின் வேலையைச் சாக்கு கெடுத்துவிடும் என்று கவலைப்படுவதில்லை. தடைகள் அடுக்கடுக்காக இருந்தால் கூடுமே தவிர ஒன்றையொன்று அழிக்கா. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஒடுங்கிய பைக்குள் தடித்த ஜாக்கெட்டை அணிந்து நுழைந்தால், பையின் பஞ்சு உள்ளிருந்து நசுங்கி உப்பல் போய்விடும். அப்போது ஜாக்கெட்டைக் கழற்றி மேலே போர்த்திக்கொள்ளலாம். அதேபோல் இறுக்கமான காலுறை இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பாதத்தைக் குளிரவைக்கும். வீரர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு காலில் மட்டும் உலர்ந்த கம்பளிக் காலுறை அணிந்து ஓர் இரவு படுத்துப் பார்த்து எழுதுங்கள்.

விழுப்புரம்: ‘மைனஸ் 10’ பை மணாலிக்கு…

பதில்: முதல் பதில்.

திண்டுக்கல்: எந்தக் கம்பெனி பை வாங்கலாம்?

பதில்: மூன்று எண்களையும், அடைத்த எடையையும், மொத்த எடையையும் எழுத்தில் தருகிற எந்தக் கம்பெனியும்.

ஊட்டி: எங்கள் ஊரிலேயே ஜனவரியில் உறைபனி விழும். இங்கே வெளியில் படுக்க எது போதும்?

பதில்: சுழியம் டிகிரியோ அதற்குக் கீழோ ‘கம்ஃபர்ட்’ உள்ள பை. பள்ளத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். வனத்துறையின் அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் தங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்துவிட்டன.

தஞ்சாவூர்: பையைத் துவைக்கலாமா? டிரை கிளீனிங்கில் கொடுக்கலாமா?

பதில்: தூவிப் பையை டிரை கிளீனிங்கில் கொடுக்க வேண்டாம், அந்த ரசாயனம் தூவியின் இயல்பான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். தூவிக்கென்று விற்கும் சோப்பில், முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் மெதுவான சுற்றில் துவைத்து, குறைந்த சூட்டில் உலர்த்தியில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு போடுங்கள். திரண்ட தூவியைப் பந்துகள் தட்டிப் பிரிக்கும். எப்போதாவது துவைத்தால் போதும். உள்ளே ஒரு பருத்தி விரிப்புறை போட்டால் அழுக்கு அதோடு நிற்கும். துவைப்பதைவிடப் பெரிய கேடு, பயணம் முடிந்ததும் சிறு பையில் அடைத்தபடியே பரணில் ஓராண்டு போட்டுவைப்பது. நசுங்கியே கிடக்கும் பஞ்சு மீண்டும் உப்ப மறந்துவிடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டு அலமாரியில் தொங்கவிடுங்கள்.

வேலூர் (முன்னாள் ராணுவ வீரர்): ஏலகிரியில் சோதித்தேன். காலுறை அணிந்த கால் சூடாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் காலத்தில் உலர்ந்த காலுறை கிடைத்ததில்லை.

பதில்: நன்றி, ஐயா. இருவர் சொன்னதும் சரியாகிவிட்டது.

சென்னை (முதல் கேள்வி கேட்டவர்): தங்கள் பதில் வருவதற்குள் அந்த 2,200 ரூபாய்ப் பையை வாங்கியாயிற்று. திருப்பி எடுக்க மாட்டார்களாம். என்ன செய்வது?

பதில்: கொடைக்கானலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேதார்காந்தாவுக்கு அடிவாரக் கிராமத்தில் வாடகைப் பை ஒன்றை எடுத்து, உங்கள் பையை அதற்குள் நுழைத்துப் படுங்கள். வெளிப்பை உள்பையை நசுக்காத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். கீழே இரண்டு ஃபோம் பாய்கள். படுக்கும் முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். தலைமூடியின் கயிற்றை இழுத்து முகம் மட்டும் வெளியே தெரியும்படி கட்டுங்கள். பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிட்டால் விடியும்போது பஞ்சு ஈரமாகியிருக்கும். கெட்டியான பாட்டிலில் வெந்நீர் நிரப்பி ஒரு காலுறைக்குள் இட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கிப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை சோதித்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.