“கம்ப்யூட்டருக்குள்ள கண்காட்சி வைக்கிறாளாம், இதுக்கு வேலை கிடைக்குமா?”

பிளஸ் ஒன் படிக்கும் மகள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், “என் படங்களை மாட்ட ஹால் கட்டிட்டு இருக்கேன்பா” என்கிறாள். விஆர்சாட், செகண்ட் லைஃப் என்று ஏதேதோ பெயர் சொல்கிறாள் (பலரும் ‘அவதார்’ என்ற உருவத்தோடு நுழைந்து உலவும் இணைய உலகங்கள் அவை). இதைத்தான் மேற்கொண்டு படிப்பேன் என்று பிடிவாதமும் பிடிக்கிறாள். இப்படிக் கேட்டு வரும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மெய்நிகர் உலகத்தில் படம் விற்றே மாதச் சம்பளம் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் மிகக் குறைவு. அதை நம்பி நான்கு வருடப் படிப்பைத் திட்டமிடாதீர்கள். ஆனால் அந்த ஹாலைக் கட்டுகிறாளே, அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. கேம் ஸ்டுடியோ, கட்டட வடிவமைப்பு நிறுவனம், அருங்காட்சியகங்களுக்கு டிஜிட்டல் காட்சி செய்து தருபவர்கள், தொழிற்சாலைகளுக்கு விஆர் (மெய்நிகர்) பயிற்சி தயாரிப்பவர்கள் என்று எல்லோருக்கும் அதே திறமைதான் வேண்டும். அவள் மாட்டும் படத்தைவிட, மாட்டுகிற சுவரில்தான் வேலை இருக்கிறது.

அதனால் அவள் விளையாடுகிறாளா, கட்டுகிறாளா என்பதைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “ஃபைலைத் திறந்து காட்டு” என்று கேளுங்கள். கட்டுகிறவளிடம் பிளெண்டர் என்ற 3டி மாடல் மென்பொருளின் கோப்புகள் இருக்கும், யூனிட்டி என்ற கேம் என்ஜினில் (கேம் உலகங்களை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) செய்த புராஜெக்ட் இருக்கும், பாதியில் விட்ட நாலைந்து முயற்சிகளும் கிடக்கும். இரண்டு மென்பொருளையும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். யாரோ செய்த ஹாலை இறக்கி அதில் படம் ஒட்டியதோடு சரி என்றால், அது தவறில்லை, தொடக்கம்தான். அதை வைத்து இன்னும் முடிவெடுக்க முடியாது, அவ்வளவே.

கட்டுகிறாள் என்றால், இந்த வேலையில் எங்கே இடறும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சிக்கல் ஓவியத்தைப் படம் எடுப்பதிலேயே வந்துவிடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்தால் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் மஞ்சளடித்தும் வரும். ஓவியத்துக்கு இருபுறமும் ஒரே வகையான இரண்டு விளக்குகளை 45 டிகிரி கோணத்தில் வைத்து, கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி எடுக்க வேண்டும். பிறகு அளவு. கேம் என்ஜின்களுக்கு 1024, 2048, 4096 என்று இரண்டின் அடுக்காக வரும் அளவுகள்தான் ஒத்துவரும். செங்குத்தான ஓவியத்தை என்ன செய்வது? 2048க்கு 2048 என்று சதுரமாக நசுக்கிச் சேமித்து, யூனிட்டியில் சரியான விகிதத்தில் வெட்டிய பலகையில் ஒட்டினால் மறுபடி பழைய வடிவத்துக்கு நீண்டுவிடும். ஓரத்தில் வெள்ளை விட்டு நிரப்பி இடத்தை வீணாக்குவதைவிட இது மேல்.

கணக்கு தெரிந்த பிள்ளையா என்று பார்க்க இதுவே நல்ல இடம். 2048 சதுரப் படம் ஒன்று, கம்ப்யூட்டரில் உயர்தரப் படங்களுக்குப் பயன்படும் பிசி7 (BC7) முறையில் சுருக்கியபின் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் 4 எம்பி பிடிக்கும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் சுமார் 5.3 எம்பி. முப்பது ஓவியங்களுக்கு 160 எம்பி. “தெளிவா இருக்கணும்” என்று எல்லாவற்றையும் 4096-க்கு ஏற்றினால் அதுவே 640 எம்பி ஆகிவிடும். பார்க்க வருபவரின் கம்ப்யூட்டர் திணறும், அவர் வெளியே போய்விடுவார். இறக்கும் கோப்பைச் சிறிதாக்க ‘கிரஞ்ச்’ என்றொரு வசதி இருக்கிறது. அது டவுன்லோடைத்தான் குறைக்கும், நினைவகத்தில் விரிந்தபின் பழைய எடைதான். இந்த வித்தியாசம் தெரியாமல் குழம்புபவர்கள் ஏராளம். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று ஓவியங்களுக்கு மட்டும் 4096, மற்றவைக்கு 2048, சின்னக் கோட்டோவியங்களுக்கு 1024 என்று பிரிப்பதுதான் தொழில் தெரிந்தவர் செய்கிற காரியம்.

வெளிச்சம் அடுத்த பொறி. ஒவ்வொரு ஓவியத்துக்கும் மேலே ஒரு விளக்கு மாட்டி, எல்லாவற்றையும் நேரடி விளக்காக விட்டால், இருபது விளக்கு வந்ததுமே வேகம் படுத்துவிடும். விஆர் கண்ணாடியில் நொடிக்கு 72 அல்லது 90 பிரேம் ஓடாவிட்டால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். ஆகவே விளக்கொளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரிலேயே பதிக்க வேண்டும். இதற்கு லைட்மேப் ‘பேக்’ செய்வது என்று பெயர். பேக் செய்தபின் சுவரில் கறுப்புத் திட்டுகள் வந்தால், அந்த மாடலின் யூவி (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று பொருள். யூனிட்டியில் மாடலின் இம்போர்ட் அமைப்புக்குப் போய் லைட்மேப் யூவி உருவாக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகும். இன்னொன்று: ஓவியத்தின்மேலும் விளக்கொளி பட்டால் நிறம் மாறும். நிறம் மாறக் கூடாதென்று விளக்கொளியைக் கணக்கில் எடுக்காத ‘அன்லிட்’ ஷேடர் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல்) போட்டால், மங்கலான அறையில் ஓவியம் டிவி மாதிரி ஒளிரும். அறையைக் கொஞ்சம் வெளிச்சமாக வைத்து, அன்லிட் படத்தின் பிரகாசத்தைச் சற்றே குறைப்பதுதான் நடைமுறையில் எடுபடுகிறது. இதற்குச் சூத்திரம் கிடையாது, கண்தான் அளவுகோல். ஓவியம் படித்த பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் வெறும் கம்ப்யூட்டர் படித்தவரைவிட மதிப்பு கூடுகிறது.

சின்னச் சின்ன இடறல்களும் உண்டு. ஓவியத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று மோதி மினுமினுக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் நிற்கும். பிளெண்டரில் அளவை அப்ளை செய்யாமல் எஃப்பிஎக்ஸ் (மாடலை யூனிட்டிக்குக் கொண்டுபோகும் கோப்பு) எடுத்தால் கட்டடம் எறும்பளவோ மலையளவோ வரும். தரைக்குக் கொலைடர் (ஆள் ஊடுருவாமல் தாங்கும் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு) போட மறந்தால் வருகிறவர் பாதாளத்துக்கு விழுவார். எல்லாம் ரோஜா நிறத்தில் தெரிந்தால் ஷேடர் காணவில்லை.

எந்த உலகம் என்பதைப் பொறுத்தும் விதிகள் மாறும். விஆர்சாட்டுக்கு யூனிட்டி 2022.3 வரிசையில் அவர்கள் சொல்லும் பதிப்புதான் வேண்டும், கைக்குக் கிடைத்த புதுப் பதிப்பில் கட்டினால் ஏற்ற முடியாது. ஸ்டீம் என்ற கேம் கடையின் கணக்கில் நுழைந்தால் போதாது. தனி விஆர்சாட் கணக்கும், சில நாள் புழங்கியபின் கிடைக்கும் ‘நியூ யூசர்’ தகுதியும் வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும் குவெஸ்ட் விஆர் கண்ணாடியிலும் ஓட வேண்டுமென்றால் மொத்த உலகத்தின் டவுன்லோடு 100 எம்பி-க்குள் அடங்க வேண்டும். பொதுவில் வெளியிட்டதும் முதலில் ‘கம்யூனிட்டி லேப்ஸ்’ என்ற சோதனைப் பகுதியில்தான் நிற்கும். விஆர் கண்ணாடி வாங்கித் தா என்று கேட்டால் உடனே வாங்க வேண்டாம், சாதாரணத் திரையிலேயே விஆர்சாட் ஓடும். காசு போட வேண்டியது லேப்டாப்பில்: 16 ஜிபி ரேம், குறைந்தது 6 ஜிபி நினைவகமுள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி.

செகண்ட் லைஃப் 2003 முதல் ஓடுகிறது. அங்கே நிலம் 256 மீட்டர் சதுரமான பிரதேசங்களாக இருக்கும், வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ‘லேண்ட் இம்பாக்ட்’ என்று ஒரு எடை கணக்கிடப்படும். அந்த எடையைக் குறைக்கிறேன் என்று தூரப் பார்வைக்கான மாடலைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவார்கள். விளைவு, பத்தடி தள்ளி நின்றால் சிற்பம் நாலு முக்கோணத் துண்டாகச் சிதறித் தெரியும். தூர மாடலையும் கையாலேயே எளிமையாகச் செய்து ஏற்றுவதுதான் வழி. அங்கே கேமரா அவதாருக்குப் பின்னால் சற்று உயரத்தில் நிற்பதால், நிஜ வீட்டுக் கணக்கில் பத்தடிக் கூரை போட்டால் கேமரா முட்டும். கூரை உயரமாக, வாசல் அகலமாக வேண்டும். முதல் கண்காட்சிக்குச் சொந்த நிலம் வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. அங்கே கலைக்கூடம் நடத்தும் பலர் புதியவர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள். எத்தனை எடை அனுமதி, எத்தனை நாள், திறப்பு நேரம் இந்திய நேரப்படி எப்போது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். அமெரிக்க மாலை நேரம் நமக்கு விடிகாலை, பள்ளி நாளில் அது சரிப்படாது.

இந்த உலகங்கள் மூடப்படும். மைக்ரோசாஃப்ட் நடத்திய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10-ல் மூடியது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே 31-ல் நிறுத்தியது. அங்கே கட்டியதைச் சேமித்து வைக்காதவர்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் செகண்ட் லைஃபில் ‘ஆர்எம்பி சிட்டி’ என்று ஒரு நகரத்தையே கட்டி 2009 ஜனவரியில் திறந்தார். 2011-ல் அது மூடப்பட்டது. இன்றும் அவருடைய அந்தக் காலப் பணி பேசப்படுவதற்குக் காரணம், உலகத்துக்குள்ளேயே படமாக்கிய வீடியோக்கள். 2007-ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியின் சீன அரங்கில் வந்ததும் அப்படி எடுத்த ‘ஐ.மிரர்’ என்ற வீடியோதான். எனவே மகளிடம் இதைப் பழக்கமாக்குங்கள்: ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் இரண்டு நிமிட நடைவீடியோ, பத்து நல்ல ஸ்கிரீன்ஷாட், பிளெண்டர் மூலக்கோப்பு, யூனிட்டி புராஜெக்ட் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, கிளவுடில் ஒரு பிரதி. வேலைக்கு எடுப்பவர் விஆர்சாட்டுக்குள் வந்து பார்க்க மாட்டார். வீடியோவைத்தான் பார்ப்பார், அதுவும் முதல் முப்பது நொடி. மாடலின் கம்பிவலைத் தோற்றம், பாலிகன் (மாடலை ஆக்கும் சிறு பரப்பு) எண்ணிக்கை, நினைவகக் கணக்கு மூன்றையும் அதில் காட்டியிருந்தால் இவள் வேலை தெரிந்தவள் என்று புரிந்துகொள்வார்.

படிப்புக்கு வருவோம். பி.டெஸ் (வடிவமைப்பு இளங்கலை) என்றால் முக்கியமாக இரண்டு வாசல். ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் நுழைவுத்தேர்வு ஒன்று, எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம். மும்பை, டெல்லி, குவாஹாத்தி, ஹைதராபாத் ஐஐடி-களில் சேர அதுதான் வழி. தேர்வில் ஒரு மணி நேரம் கையால் வரைய வேண்டும். கம்ப்யூட்டரிலேயே வரைந்து பழகிய பிள்ளைகள் இங்கே மதிப்பெண்ணை விடுகிறார்கள், தினமும் பென்சில் பயிற்சி அவசியம். இன்னொன்று தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி-யின் டாட் தேர்வு. தமிழ்நாட்டில் பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) என்றால் 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணத்தில் இன்னொன்று. கட்டணம் குறைவு, ஓவிய அடிப்படை வலுவாகக் கிடைக்கும், ஆனால் கேம் என்ஜினைத் தானாகத்தான் கற்க வேண்டும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுப்பதானால் அந்தக் கல்லூரியில் 3டி-க்குத் தனி லேப் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பலவற்றில் படப்பிடிப்பும் பத்திரிகையும்தான் முக்கியப் பாடம். கணிதம், கம்ப்யூட்டர் இரண்டும் பிடிக்கும் பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்து, பக்கவாட்டில் இதை வளர்ப்பதும் நல்ல வழி. ஷேடர் எழுதத் தெரிந்த ஓவியரை ‘டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட்’ என்பார்கள், அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது சிரமம். ‘மெட்டாவெர்ஸ் டிப்ளமோ’ என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களில், போன வருட மாணவர்கள் மூன்று பேருடைய போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

துறை ஆட்டம் காணாது என்று சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியில், சினிமாவுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்தியாவிலும் பெரும் எண்ணிக்கையில் கலைஞர்கள் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். ஒரு மென்பொருளை மட்டும் தெரிந்தவரைவிட, கட்டட வடிவமைப்புக்கும் கேமுக்கும் இரண்டு பக்கமும் போகத் தெரிந்தவர் சீக்கிரம் எழுந்துவிடுவார்.

பணம், பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். விஆர்சாட்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. செகண்ட் லைஃபில் 18 ஆகாதவர்கள் பொதுத் தரப் பகுதிகளைத் தாண்ட முடியாது, உண்மையான பிறந்த தேதி கொடுத்திருக்கிறாளா என்று பாருங்கள். குரல் அரட்டையில் அந்நியர்கள் இருப்பார்கள், மியூட், பிளாக் இரண்டும் அவளுக்குக் கைவந்திருக்க வேண்டும். “உன் படத்தை என்எஃப்டி-யாக வாங்குகிறேன், முதலில் கட்டணம் கட்டு” என்பது மோசடி (என்எஃப்டி என்பது டிஜிட்டல் படத்துக்கு விற்கப்படும் ஒரு உரிமைச் சான்று). “என் கேமைச் சோதித்துப் பார்” என்று டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் வரும் கோப்பைத் திறந்தால் கணக்கே பறிபோகும். என்எஃப்டி விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது. மைனர் தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது, அவள் பெயரிலேயே கணக்காகும். ஆகவே அவள் பெயரில் பான் எடுத்து, வரவை எழுதி வையுங்கள். பேபால் கணக்குக்கு 18 வயது ஆக வேண்டும், அதுவரை வெளிநாட்டு ஆர்டர் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

யூசீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும், தேர்வு ஜனவரியில். பொதுத்தேர்வு மார்ச்சில். அதனால் பிளஸ் ஒன் முடியும் கோடை விடுமுறைதான் ஒரு கண்காட்சியை முழுதாகக் கட்டி முடிக்கத் தோதான காலம். பத்து ஓவியம், ஒரே அறை, ஒரு வீடியோ போதும். பிளஸ் டூ தொடங்கியதும் கட்டுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாளில் பென்சிலும் பாடப் புத்தகமும் என்று அவளோடு பேசி முடிவு செய்யுங்கள்.