பாட்டு சேர்த்து வைத்த நட்பு

அன்புள்ள மேடம்,

எனக்கு 48 வயது. வேலைக்குப் போகிறேன். அன்பான கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். குறை என்று சொல்ல எதுவும் இல்லாதபோது இதற்கெல்லாம் ஆலோசனை கேட்டு எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். வீட்டில் சொல்லவும் முடியவில்லை, மனதுக்குள் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பதினாறு, பதினேழு வயதில் ஒரு ராக் பாடகரின் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. அவருடைய கச்சேரிகளுக்குப் போய்ப் போய்த்தான் எங்கள் கூட்டம் சேர்ந்தது. ஏழெட்டுப் பேர் இருப்போம். மேடைக்கு முன்னால் உள்ள கம்பித் தடுப்பை ஒட்டி நிற்கவேண்டும் என்பதற்காகக் காலையிலேயே வாசலுக்கு வந்துவிடுவோம். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் இடம் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் உள்ளே ஒலிச் சோதனை நடக்கும். சுவரைத் தாண்டி ட்ரம் சத்தம் மட்டும் கேட்கும். அதை வைத்தே இன்றைக்கு எந்தப் பாட்டில் ஆரம்பிப்பார் என்று பந்தயம் கட்டுவோம். கச்சேரி இல்லாத மாதங்களில் கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பிக்கொள்வோம். ஆனால் யாருக்கு என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. யாரும் அப்படி விதி போடவில்லை. அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிட்டது.

பிறகு பாடகர் மேடையை விட்டு ஒதுங்கினார். எங்களுக்கும் கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று ஆளுக்கொரு திசை. பத்து வருடங்களுக்கும் மேலாக யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் மறுபடியும் பாடப்போகிறார் என்று தெரிந்ததும் எங்களில் ஒருவர் பழைய எண்களையெல்லாம் தேடிப் பிடித்து எல்லாரையும் சேர்த்துவிட்டார்.

வாசலில் பார்த்தபோது எல்லாருக்கும் நரை, கண்ணாடி. ஐந்தே நிமிடம்தான், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கிவிட்டது. இரவு முதல் பாட்டின் முதல் சுரங்கள் விழுந்ததும் நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தோம். சுருதியை அரை சுரம் இறக்கியிருந்தார்கள். அவருடைய வயதான குரலுக்காகச் செய்தது. சுற்றி நின்ற அவ்வளவு பெரிய கூட்டத்தில் வேறு யாரும் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தோழி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நான் அழுதுகொண்டே பாடினேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் எதிலும் ருசி இல்லை. தோழி எடுத்த வீடியோவைக் கணவரிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, "உன்னை இப்படி நான் பார்த்ததே இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலிக்கிறது. மகளோ, "அம்மா, அவங்க உன் ஃப்ரெண்ட்ஸ் இல்லம்மா. ஒரே பாட்டைக் கேக்குறவங்க, அவ்வளவுதான்" என்கிறாள். அவள் சொல்வது சரிதானோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொன்று. எங்களில் மூத்தவரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மேடையில் இருப்பவருக்கே கேட்கும்படி பழைய பாட்டுகளைக் கேட்டுக் கத்துகிறவர் அவர்தான். இந்த முறை ஸ்பீக்கர் பக்கமே வரவில்லை. காதில் பஞ்சு மாதிரி எதையோ வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அவருக்கு உயிரான பாட்டு வந்தபோதுகூட உதடு அசையவில்லை. "என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, சத்தம் தாங்கல" என்றார். கடைசிப் பாட்டு முடிந்து நாங்கள் படம் எடுத்துக்கொள்ளக் கூடியபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். அவரிடம் மேற்கொண்டு விசாரிக்கலாமா? ஒருவர் வீட்டைப் பற்றி இன்னொருவர் கேட்டே பழக்கமில்லாத எங்களுக்குள் எனக்கு அந்த உரிமை இருக்கிறதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை கொஞ்சம் பொறுக்கலாம். அண்ணா விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாராளமாக விசாரியுங்கள். இத்தனை வருடம் கழித்துத் திடீரென்று கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் எல்லாருக்கும் வருவதுதான். பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2022ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. நாம் சும்மா நலம் விசாரிக்கும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் பெரும்பாலும் குறைத்தே கணக்குப் போடுகிறோம். அதிலும் அவர் எதிர்பாராத நேரத்தில் விசாரித்தால் மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. இடைவெளி விழுந்துவிட்டதே என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அந்த இடைவெளியே உங்களுக்குச் சாதகம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். எல்லாரும் இருக்கும் குழுவில் கேட்காதீர்கள். அப்புறம், அவர் சொன்ன பதிலை முதலில் அப்படியே நம்புங்கள். "சத்தம் தாங்கல" என்பது சாக்காக இல்லாமல் முழு உண்மையாகவே இருக்கலாம். வேலையிடங்களுக்கு வகுத்த ஒரு பாதுகாப்புக் கணக்கின்படி, 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியென்றால் 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம்தான். ராக் கச்சேரியில் ஸ்பீக்கருக்கு முன்னால் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதில் வருடக்கணக்காக நின்ற காது அது. காதுக்குள் ஓயாத ரீங்காரம், சாதாரணச் சத்தம்கூட வலியாகத் தெரிவது, இரவில் தூக்கமின்மை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். இசையே உயிராக இருந்தவருக்கு அது உடம்புக் கோளாறாக மட்டும் நிற்காது, பெரிய துக்கமாகவும் ஆகிவிடும். அந்தப் பாட்டுக்கு அவர் உதடு அசையாமல் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இங்கே உட்கார்ந்து நானும் ஊகிக்கக்கூடாது.

அதனால் காதிலிருந்தே ஆரம்பியுங்கள். "அண்ணா, அன்றைக்கு உங்களோடு சரியாகப் பேச முடியவில்லை. சத்தம் தாங்கவில்லை என்றீர்களே, இப்போது காது எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தீர்களா?" இவ்வளவு எழுதினால் போதும். "என்ன பிரச்சினை, என்னிடம் மறைக்காதீர்கள்" என்ற தொனி வேண்டாம். அவர் சொல்லியிருக்கும் ஒரே விஷயத்தைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். அதில் உரிமை மீறல் எதுவும் இல்லை. அவர் ஒரு வரியில் பதில் போட்டு நிறுத்திக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி ஒரு வரி எழுதுங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போகத் தயங்குகிறார் என்று தெரிந்தால், போகச் சொல்லி நச்சரிக்கும் உரிமையை மட்டும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காது கேட்கும் கருவி, ஒலிச் சிகிச்சை, மன ஆலோசனை மூலமாக இந்தத் தொந்தரவைப் பெரிதும் குறைக்க முடியும்.

இனி உங்கள் மகள் சொன்னது. அவள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் பதில் தவறு. மேடையில் நிற்பவரோடு ரசிகருக்கு ஏற்படும் ஒருவழி உறவைப் பற்றி ஹார்டன், வோல் என்ற இருவர் 1956லேயே எழுதிவிட்டார்கள். அவரை நமக்குத் தெரியும், நம்மை அவருக்குத் தெரியாது. மகள் அந்தக் கணக்கில் உங்கள் நண்பர்களையும் சேர்த்துவிட்டாள். உங்கள் மணிக்கட்டைப் பிடித்த கை பாடகருடையது இல்லையே.

ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்கவேண்டியிருந்தது. அதிலும் வேலைக்காகக் கூட இருக்கும் நேரத்தை விடப் பொழுதுபோக்காகக் கழிக்கும் நேரத்துக்கு மதிப்பு அதிகம். காலையிலிருந்து இரவுவரை வாசலில் கிடந்த உங்கள் நாட்களைக் கூட்டிப் பாருங்கள். அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவர்களோடு, எந்த அவசரமும் இல்லாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோமா?

வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொள்ளாததை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் மனைவி, யார் மகள், சம்பளம் என்ன, பிள்ளை என்ன மதிப்பெண் என்ற எந்த அளவுகோலும் இல்லாமல் உங்களை ஏற்றுக்கொண்ட இடம் அது. பெரும்பாலான பெண்களுக்கு அப்படி ஒரு இடம் வாழ்நாளில் கிடைப்பதே இல்லை. என்னிடம் வருகிறவர்களில், எல்லாவற்றையும் பேசும் தோழிகள் இருந்தும் தன்னை யாருமே பார்க்கவில்லை என்று அழுகிறவர்கள் உண்டு. சுருதி இறங்கிய அந்த நொடியில் நீங்கள் ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டது உறவு இல்லையென்றால், வேறு எதை உறவு என்பது?

அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். அண்ணாவுக்கு என்ன ஆயிற்று என்று உங்களில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். இளம் வயதில் அது சுதந்திரம். ஐம்பதை நெருங்கும்போது அதே பழக்கம் ஒருவரைத் தனியாக விட்டுவிடவும் கூடும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் பேசவேண்டியதில்லை. ஒருவர் இருவரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச ஆரம்பியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த வெறுமைக்கு உங்கள் வாழ்க்கையில் காரணம் தேடாதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில், ஒரே தாளத்தில் சேரும்போது தனி மனிதருக்குள் பொங்கும் பரவசத்தைப் பற்றி எமில் டர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1912ல் எழுதினார். பொங்கியது அடங்கத்தான் வேண்டும். உங்களுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வருகின்றன, அந்த வயதில் கேட்ட பாட்டுகள் உட்பட. அன்றைக்கு நீங்கள் தோழர்களை மட்டும் சந்திக்கவில்லை, பதினேழு வயதுப் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவளை விட்டுப் பிரிந்த வருத்தமும் இதில் இருக்கிறது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகத் தணியும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை நாள் தவறாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், கச்சேரிதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உங்கள் வயதில் ஹார்மோன் மாற்றங்களும் மனநிலையைப் பாதிக்கலாம் என்பதால் மகளிர் நல மருத்துவரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கணவர் சொன்னதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு நீங்கள் வாயடைத்துப் போயிருக்கிறீர்கள். எனக்கு அது ஏக்கமாகக் கேட்கிறது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். அந்த வீடியோவை இரண்டாவது முறையும் பார்த்திருக்கிறாரே! "வீட்டிலும் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்" என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அது அவர் கேட்காத கேள்விக்குப் பதில். ஒரு இரவு நேரம் ஒதுக்கி, அந்தப் பாட்டின் பழைய பதிவையும் தோழி எடுத்த வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டு, சுருதி எங்கே இறங்கியிருக்கிறது என்று அவருக்குக் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். பரவாயில்லை, நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று சொல்ல அதுவே வழி. வாசலில் காத்திருந்த நாட்களையும் அண்ணாவையும் பற்றிச் சொல்லுங்கள். மகளும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அடுத்த கச்சேரிக்கு அவரையும் கூட்டிப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்பித் தடுப்பருகே உள்ள இடம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இன்னொரு யோசனை. அடுத்த கச்சேரி எப்போது வரும் என்று காத்திருக்காமல், நண்பர்கள் ஒருமுறை சும்மா சந்தியுங்கள். அமைதியான இடமாகப் பாருங்கள், அப்போதுதான் அண்ணாவாலும் வரமுடியும். மேடையும் பாட்டும் இல்லாமல் முதல் அரை மணி நேரம் பேச்சு தடுமாறும். பயப்படாதீர்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பாடகரைப் பற்றியே பேசுங்கள், வீட்டு விஷயங்கள் நடுவில் தானாக வரும்.