எபேனில் வேலை, கடலோரத்தில் வீடு: கார் இல்லாமல் முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு மொரீஷியஸில் எபேன் சைபர் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வீடு பார்த்துத் தரும் ஏஜென்ட் இரண்டு வீடு காட்டினார். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் கடலோரம் ஒரு பெரிய வீடு, ரோஸ் ஹில்லில் ஒரு சின்ன ஃப்ளாட். வாடகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். "இந்த ஊரில் பஸ்ஸை நம்பி யாரும் இருப்பதில்லை. என் நண்பரின் கார் மாத வாடகைக்கு இருக்கிறது, முன்பணம் அனுப்பினால் ஏர்போர்ட்டுக்கே வந்து சாவி தருவார்" என்கிறார். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கூட்டரிலேயே காலம் தள்ளினவர்கள் நாங்கள். பஸ், மெட்ரோவை வைத்து அன்றாடம் சமாளிக்க முடியுமா?

பதில்: ரோஸ் ஹில் வீட்டை எடுத்தால் முடியும். கடலோர வீட்டை எடுத்தால் மூன்றே மாதத்தில் கார் வாங்கிவிடுவீர்கள், ஏஜென்ட் சொன்னதுதான் சரி என்றும் நினைத்துக்கொள்வீர்கள். அதனால் கார் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

இந்தத் தீவு வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் ஜனங்களும் ஆபீஸ்களும் பெரும்பாலும் ஒரே கோட்டில் நெருங்கியிருக்கின்றன. போர்ட் லூயியில் ஆரம்பித்து போ பாஸாங், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா வழியாக மலைமேல் க்யூர்பீப் வரை போகிற கோடு அது. பிரிட்டிஷ்காரன் 1864இல் ரயில் விட ஆரம்பித்தான். 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1964இல் ரயிலையே மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, பெரும்பாலும் அந்தப் பழைய பாதையிலேயே இந்தியக் கடனும் மானியமும் வாங்கி மெட்ரோ போட்டார்கள். 2019 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது, 2022 அக்டோபரில் க்யூர்பீப்பை எட்டியது. ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய் பல்கலைக்கழகப் பக்கம் போகும் கிளை 2023 ஜனவரியில் வந்தது. உங்களுக்கு வேண்டியது இந்தக் கிளைதான்.

இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். ரோஸ் ஹில் ஃப்ளாட்டிலிருந்து நடந்து ஸ்டேஷன், அங்கிருந்து ஒரே வண்டியில் எபேன். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், அவ்வளவுதான். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலிருந்து என்றால் காத்ர் போர்ன் வரை பஸ், அங்கே மெட்ரோ ஏறி ரோஸ் ஹில், ரோஸ் ஹில்லில் இறங்கி எபேன் கிளைக்கு வண்டி மாற்றம். மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரு மாற்றத்துக்குக் காத்திருப்பும் நடையும் சேர்த்துக் கால் மணி என்று வையுங்கள். அதில் முதல் பஸ் தவறினால் மற்ற கணக்கெல்லாம் சரிந்துவிடும். பஸ் தடங்களுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் பல வருஷம் இருந்தவன் சொல்கிறேன்: இரண்டு ஏற்றம் வரை மனுஷன் தாங்குவான், மூன்றாவது வந்தால் கார் ஷோரூம் பக்கம் பார்வை போய்விடும்.

"மெட்ரோ அஞ்சே நிமிஷம்" என்று ஏஜென்ட் சொன்னால், எதில் அஞ்சு நிமிஷம் என்று கேளுங்கள். அவர் காரில் போகிற கணக்கைச் சொல்லுவார். க்யூர்பீப் பக்கம் வீடு காட்டினால் இன்னும் உஷாராக இருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரம், வருஷத்தில் பாதி நாள் தூறல். அங்கே பத்து நிமிஷ நடை என்றால் நனைந்த பாதங்களோடு பத்து நிமிஷம்.

மெட்ரோ ஏறுவதில் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அட்டை வாங்கிக் காசு ஏற்றினால் சரி. பஸ் கதை வேறு. அரசு கார்ப்பரேஷன் பஸ், கம்பெனி பஸ், ஒரு பஸ் மட்டும் சொந்தமாக வைத்திருக்கிற முதலாளியின் பஸ் என மூன்று சாதி உண்டு. முதலாளி பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஏதாவது பெயர் இருக்கும். உள்ளே ஏறி உட்காருங்கள், கண்டக்டர் டிக்கெட் மெஷினோடு வந்து "கோத்?" என்பார். எங்கே என்று அர்த்தம். இடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். இந்த நாட்டு ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கும், அவருடைய குடும்பப் பெயர்கூடப் பச்சைத் தமிழ்ப் பெயராக இருக்கலாம். ஆனால் பேச்சு முழுக்க இந்தத் தீவின் க்ரேயோல் மொழிதான், தமிழில் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். சில்லறையாகக் கொடுங்கள், காலையில் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் அந்தச் சிரிப்பும் வராது. டிக்கெட்டைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள், செக்கிங் வரும். அடுத்த ஸ்டாப் என்ன என்று பெரும்பாலும் யாரும் கூவமாட்டார்கள், மணியை நீங்களே அடிக்க வேண்டும்.

பகலில் பஸ் இருக்கிறதா என்றால், இருக்கிறது. டவுன் பக்கம் நன்றாகவே இருக்கிறது. சில தடங்களில் முன்னால் போகும் பஸ் ஆள் சேர்க்க ஊர்ந்துகொண்டே போகும், பின்னால் இன்னொரு பஸ் தெரிந்ததும் பறக்கும். பழகிவிடும்.

பொழுது சாய்ந்த பிறகுதான் தொல்லை. கிராமப் பக்கம் மாலை ஆறரையோடு பஸ் முடிந்துவிடும், டவுன் பக்கம் எட்டு மணி வரை கிடைக்கும். போர்ட் லூயிக்கும் க்யூர்பீப்புக்கும் நடுவே மட்டும் பதினோரு மணி வரை ஏதாவது ஓடும். ஜூன், ஜூலையில் இங்கே குளிர்காலம், ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிடும். நான் அட்டவணை போட்ட காலத்தில் ஒரு தடத்துக்குக் கடைசி பஸ் ஏழு மணி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் நானே அந்த ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். ஆறு நாற்பதுக்கு வந்த பஸ் "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனது. ஏழு மணி பஸ்ஸில் நாலு பேர்தான் ஏறுகிறார்களாம், டீசல் காசுகூடத் தேறவில்லையாம். புகார் எழுதினேன். பதிலாக ஒரு கமிட்டி வந்தது, கமிட்டியிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது, ஏழு மணி பஸ் மட்டும் வரவில்லை. இதைச் சொல்லாமல் உங்களிடம் அட்டவணையைக் காட்டி ஆசை காட்டினால் நானும் அந்த ஏஜென்ட்டும் ஒன்றாகிவிடுவோம்.

கணவருக்கு என்ன நேரத்து வேலை என்று நீங்கள் எழுதவில்லை. எபேனில் பாதிக் கட்டடங்கள் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்கின்றன. இரவு ஷிப்ட் என்றால் மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு இதை மட்டும் படியுங்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பஸ் ஓடாத நேரத்தில் வேலைக்கு வரச் சொன்னாலும் சரி, பஸ் ஓடாத நேரத்தில் வேலை முடிந்தாலும் சரி, போக்குவரத்தை முதலாளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். பகல் வேலை என்றாலும், வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே 3 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பஸ் செலவு தரவேண்டும். ஆனால் இந்த உரிமைகளில் பல, ஒரு சம்பள வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். வெளிநாட்டிலிருந்து வரும் ஐடிக்காரர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டித்தான் இருப்பார். ஆகவே சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இரவு வேன் உண்டா, எத்தனை மணியிலிருந்து, வீட்டு வாசல் வரையா இல்லை மெயின் ரோடு வரையா, எந்தெந்த ஊருக்கு வரும், ஷிப்ட் பாதியில் மாறினால் என்ன ஆகும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் வேன் இருக்கு சார்" என்று எச்.ஆர். வாயால் சொன்னது எழுத்தில் சேராது. மெயின் ரோட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு இறக்கிவிட்டுப் போன வேனும் எனக்குத் தெரியும். வேன் எந்த ஊர் வரை போகும் என்று தெரிந்தபிறகுதான் வீடு பார்க்க வேண்டும், பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி அந்த நண்பரின் கார். நீங்கள் கேட்டது பஸ்ஸைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த வரிதான்.

இங்கே வாடகைக்கு விட உரிமம் வாங்கிய காரின் நம்பர் பிளேட் மஞ்சள். சொந்த உபயோகத்துக் கார் என்றால் கறுப்புப் பிளேட்டில் வெள்ளை எழுத்து. டாக்சிக்கு வெள்ளைப் பிளேட்டில் கறுப்பு எழுத்து, கதவில் எந்த ஊர் ஸ்டாண்ட் என்றும் எழுதியிருக்கும். நம் ஊரில் வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் டாக்சி. அந்தப் பழக்கத்தில் பார்த்தால் இங்கே கண் ஏமாறும். நண்பரின் கார் என்று வருவது பெரும்பாலும் கறுப்புப் பிளேட்தான். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த காப்பீடு, வாடகைக்கு ஓடிய வண்டிக்கு உதவாது.

என்னோடு வேலை பார்த்த திருச்சிப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு கார் எடுத்தான். வாடகை மலிவு, சாவி கொடுத்தவர் தங்கமான மனுஷர். ஃபீனிக்ஸ் ரவுண்டானாவில் ஒரு வேன் உரசியது, தப்பு வேன்காரன் மேல்தான். போலீஸ் வந்து யார் வண்டி என்று கேட்டதும் இவன் உண்மையைச் சொன்னான். தங்கமான மனுஷர் போனை எடுக்கவில்லை, காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்தது. முன்பணமும் போய், கதவு மாற்றின செலவும் இவன் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கினான், திங்கட்கிழமை என்னிடம் கடன் கேட்டான்.

கார் வேண்டும் என்றால் மஞ்சள் பிளேட் எடுங்கள், வாடகைச் சீட்டில் உங்கள் கணவர் பெயரும் காப்பீட்டு விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள், வந்து இறங்குமுன் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். வீடு காட்டுகிறவரே கார், ஸ்கூல், வேலைக்காரி எல்லாம் பிடித்துத் தருகிறேன் என்றால் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. தூரமான வீட்டை அவர் தள்ளப் பார்ப்பதும் அதனால்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியேறினால் காருக்கு ஆள் கிடைக்காதே! ஏர்போர்ட்டிலிருந்து வர டாக்சி எடுத்தால் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள், ஏறுமுன்னால் ரேட் பேசிவிடுங்கள். மஹேபூர், போர்ட் லூயி பஸ்ஸும் ஏர்போர்ட் வழியாகத்தான் வருகிறது. ஆனால் மூன்று பெட்டியும் குழந்தையுமாக முதல் நாளே அந்த வீரம் வேண்டாம்.

பெண்ணின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தால் தேவலை. இல்லாவிட்டால் ஸ்கூல் வேன் கிடைக்கும், பள்ளியிலேயே விசாரியுங்கள். காய்கறிக்கு புதன், சனி காத்ர் போர்ன் சந்தை, மெட்ரோவில் போய்விட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்குப் போனால் பஸ்ஸும் நின்றுவிடும், அதற்கு முன்பே வீட்டுக்குள் இருங்கள்.

கடலோர வீடு மனசை விட்டுப் போகவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். வந்ததும் எதிலும் கையெழுத்துப் போடாமல் இரண்டு வாரம் ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ வாடகை அறையில் தங்குங்கள். ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு எபேனிலிருந்து கிளம்பி, கையில் காய்கறிப் பையோடு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வீட்டு வாசல் வரை பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். ஏஜென்ட்டையும் கூப்பிடுங்கள். அவர் காரில் வருகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.