கொடையா, கணக்கா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பில்லியனர்கள் நன்கொடை தருவதே வரியை மிச்சம் பிடிக்கத்தான் என்கிறார்களே? கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கொடுத்தால் கையைவிட்டுப் போகத்தான் செய்யும். ஆனால் செய்தியில் வரும் தொகை முழுவதும் அவர் பையிலிருந்து போவதில்லை. அமெரிக்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனரிடம் சந்தையில் 100 டாலர் விலைபோகும் பங்குகள் உள்ளன, ஆதியில் ஏறக்குறைய சும்மா கிடைத்தவை. விற்றால் மத்திய அரசுக்கு 23.8 டாலர் ஆதாய வரி. விற்காமல் பங்காகவே தன் அறக்கட்டளைக்குத் தந்தால் அந்த வரி கிடையாது. அன்றைய சந்தை மதிப்பு முழுவதையும் வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் செய்யலாம். 2026 முதல் இந்தக் கழிவின் பயன் டாலருக்கு 35 சென்டுக்கு மேல் போகாது. இரண்டையும் கூட்டினால் 58.8 டாலர் மிச்சம். கொடையாளி உண்மையில் போட்டது 41 டாலர்தான், மீதி அரசு விட்டுக்கொடுத்தது.

இது உச்சபட்சக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்த அறக்கட்டளைக்குப் பங்காகத் தந்தால், ஓராண்டு வருமானத்தில் 20 சதவீதம் வரைதான் கழிக்க முடியும். மிஞ்சியதை அடுத்த 5 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். பெரும் பணக்காரர்கள் பலர் பங்குகளை விற்பதே இல்லை. அதனால் அவர்களுக்கு வருமானம் என்று காட்ட அதிகம் இருக்காது, கழிவில் பெரும்பகுதி வீணாகும். அவர்களுக்கு உண்மையான லாபம், ஆதாய வரியும் இறந்தபின் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரும் 40 சதவீத எஸ்டேட் வரியும் இல்லாமல் போவதுதான். அதைவிடப் பெரியது அதிகாரம். அரசு விட்டுக்கொடுத்த அந்த 59 டாலரையும் எங்கே செலவழிப்பது என்று அவரும் அவர் வீட்டாரும் முடிவு செய்கிறார்கள். எங்கள் சந்தேகம் முதலில் விழுவது இங்கேதான்.

கேள்வி: பாதிச் சொத்தைத் தருவதாகக் கையெழுத்திட்டவர்கள் தராவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது. 2010-இல் கேட்ஸ் தம்பதியும் வாரன் பஃபெட்டும் தொடங்கிய ‘கிவிங் பிளெட்ஜ்’ வெறும் வாக்குறுதி, சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. வாழும்போதோ உயில் வழியாகவோ தரலாம். சொந்த அறக்கட்டளையில் போட்டாலும் தந்ததாகவே கணக்கு. சொன்னதைச் செய்து முடித்தவர் வேண்டுமென்றால் மறைந்த அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனியைச் சொல்லலாம். சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, 2020-இல் தன் அறக்கட்டளையையே மூடினார்.

கேள்வி: அறக்கட்டளைக்குப் போன பணம் செலவாகித்தானே ஆக வேண்டும்?

பதில்: ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதம், அவ்வளவுதான் கட்டாயம். முதலீடு அதற்கு மேல் வளர்ந்தால் மூலதனம் குறையாது. கொடை தொடர்பான சம்பளம், பயணம், அலுவலகச் செலவும் அந்த 5-க்குள் அடங்கும். இன்னொரு ஓட்டை ‘டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்’. இது நிதி நிறுவனங்கள் நடத்தும் கொடைக் கணக்கு. பணம் போட்ட ஆண்டிலேயே வரிக்கழிவு கிடைத்துவிடும், ஆனால் அதை எப்போது வெளியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை. அறக்கட்டளை தன் 5 சதவீதத்தை இந்தக் கணக்கில் தள்ளினாலும் கடமை முடிந்தது!

கேள்வி: செய்தியில் வரும் தொகையை நாமே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தரும் ‘990-பிஎஃப்’ படிவம் பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி அமைப்பின் ‘நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்தின் மேலே ஆண்டு இறுதிச் சொத்து மதிப்பு இருக்கும். பகுதி 1-இல் 25-ஆம் வரி, ‘டி’ பத்தி அந்த ஆண்டு உண்மையில் கொடுத்த தொகை. 24-ஆம் வரி நிர்வாகச் செலவு. 25-ஆம் வரித் தொகையைச் சொத்தால் வகுத்துப் பாருங்கள், 5 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறதா, 10-ஐத் தாண்டுகிறதா என்று தெரியும். ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பின்னால் வரும் கொடைப் பட்டியல் இரண்டு பிரிவாக இருக்கும்: இந்த ஆண்டு கொடுத்தவை, வருங்காலத்தில் தர ஒப்புக்கொண்டவை. பத்திரிகை அறிவிப்புகள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வதுண்டு. இரட்டைக் கணக்கும் வரும். அறக்கட்டளையில் பங்கைப் போட்டபோது ஒரு தலைப்புச் செய்தி, அதே பணம் ஆண்டுகள் கழித்து மருத்துவமனைக்குப் போகும்போது மறுபடி ஒன்று. பெறுபவர் பெயரில் கொடையாளியின் இன்னொரு அமைப்போ கொடைக் கணக்கோ இருந்தால், பணம் இன்னும் களத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். படிவம் வெளிவர ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம், ஆகவே இன்றைய அறிவிப்பை இன்றே சரிபார்க்க முடியாது.

கேள்வி: ஸக்கர்பெர்க் தன் ஃபேஸ்புக் பங்குகளில் 99 சதவீதத்தைத் தருவதாகச் சொன்னாரே, அதற்கும் இந்தப் படிவம் உண்டா?

பதில்: 2015-இல் அவரும் மனைவியும் அந்த அறிவிப்போடு தொடங்கிய அமைப்பு அறக்கட்டளை அல்ல, எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு) வகைத் தனியார் நிறுவனம். பங்கை அதற்கு மாற்றுவதால் மட்டும் வரிக்கழிவு வராது. பதிலுக்கு 5 சதவீதக் கட்டாயமும் இல்லை, லாபத்துக்கு முதலீடும் செய்யலாம், அரசியலுக்கும் செலவிடலாம். எல்எல்சி என்ற அளவில் அது 990-பிஎஃப் தர வேண்டியதில்லை. அதன் கீழ் தனியாக உள்ள அறக்கட்டளைக்கு மட்டும் படிவம் உண்டு.