ஜெயில்ல இருந்து போடற கேஸ்ல 'ஜுடிஷியல் நோட்டீஸ்'னா என்ன?

சாட்சி, ஆதாரம் எதுவும் கேக்காம கோர்ட்டே ஒரு விஷயத்த உண்மைன்னு ஏத்துக்கறதுதான் இது. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்ல சாட்சியங்கள் பத்தின விதி 201 இதுக்குத்தான், குறுக்கு விசாரணையே இல்லாம ஏத்துக்கறதால யாரும் மறுக்க முடியாத விஷயமா இருந்தாத்தான் செல்லும். 2024 ஜனவரி 1 திங்கக்கிழமைன்னு காலண்டர பாத்தாலே தெரியும், ஆனா அன்னைக்கு காவலர் அடிச்சாருன்னா அத நிரூபிச்சாகணும்.

அரசு அதிகாரிங்க உரிமைய மீறினா அவங்க மேல கேஸ் போட வழி செய்யற அமெரிக்க சட்டப் பிரிவுதான் செக்ஷன் 1983, அதுல சிவில் உரிமை கேஸ் போடற கைதிங்க நிறைய பேருக்கு வக்கீலே கிடையாது, பாவம், கேஸ் போட்டப்புறம் நடந்த கொடுமைய எல்லாம் 'ஜுடிஷியல் நோட்டீஸ்'னு தலைப்பு போட்டு அனுப்பிடறாங்க, அந்த கோரிக்கை பெரும்பாலும் தள்ளுபடி ஆயிடும், கூடுதல் புகாரா சேக்க அனுமதி கேட்டு மனு போடறதுதான் சரியான வழி.

இன்னொரு கேஸோட மனுவ கோர்ட் இப்படி நோட்டீஸ் எடுத்தா அதுல எழுதினதெல்லாம் உண்மைன்னு பலர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல, அந்த மனு தாக்கலாச்சுங்கறத மட்டும்தான் கோர்ட் ஏத்துக்குது.